சித்தப்பா அடித்த விசில்

பி.காம். படித்தவனுக்கு எல்லாமே வரவு, செலவுதான். சிலுக்கு ஸ்மிதா கணக்கையும் நான் ஒரே வரியில் முடித்து வைத்திருந்தேன்... 'கவர்ச்சி'!

போன மாசம் தேனியில் சித்தப்பா வீட்டு டி.வி.யில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981). நம்ம அல்லிநகரத்து பாரதிராஜா படம். பாட்டுக்கு நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா. சிலுக்கு வந்ததும் பழக்கதோஷம், விசிலடித்தேன்.

"சும்மா பாருடா" என்றார் சித்தப்பா.

பார்த்தேன். தியாகராஜனின் மனைவியாக அடக்கமான வேஷம். பேசாமலே கண்ணால் கலங்கடிக்கிறார் சார்!

ஏலூர்ப் பக்கத்து விஜயலட்சுமி. பள்ளிப் படிப்பு நாலாவதோடு சரி. 'வண்டிச்சக்கரம்' (1980) படத்தில் சாராயக்கடை 'சிலுக்கு'. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவர் ஆடாவிட்டால் படம் விலை போகாது என்ற நிலைமை. சாவித்திரி, சுஜாதா மாதிரி குணச்சித்திர நடிகையாகணும் என்று அவரே பேட்டியில் சொன்னார். யார் காதில் விழுந்தது? 1996 செப்டம்பர் 23-ல், 35 வயசில், கதை முடிந்தது.

வரவு: ஊர்ப்பட்ட விசில். செலவு: ஒரே ஒரு ஆசை. கணக்கு டேலி ஆகவில்லை.

"நீங்க அப்பவே புரிஞ்சுக்கிட்டீங்க, சித்தப்பா!"

அவர் டி.வி.யை அணைத்தார்.

"எங்கடா... தியேட்டர்ல மொத விசிலே என்னுதுதான்."