எந்த சிலிண்டர்ங்க?

டீசல் என்ஜினுக்கு உடம்பு சரியில்லை என்றால் மனுஷன் மாதிரியேதான் காட்டிக்கொடுக்கும். குரல் மாறும், மூச்சு மாறும், வேலை சொன்னால் சோம்பும். வைத்தியர்களும் அதே ரகம்தான். தலைவலி என்று போனால் நேரே ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறவர்கள் இங்கேயும் உண்டு!

சத்தியமங்கலத்து மாமாவிடம் ஒரு பழைய மாஸே ஃபெர்குசன் 1035 இருக்கிறது. 1960-ல் சென்னையில் ஆரம்பித்த டாஃபே கம்பெனியின் தயாரிப்பு. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின். அத்தை கல்யாணமாகிப் பண்ணாரி கோயிலுக்குப் போனதே இதன் டிரெய்லரில்தான். அதனால் வண்டியின் வயதை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மாமாவின் வயல் கொடிவேரி அணைக்குக் கீழே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில். சேற்றுழவு பாதியில் நிற்கும்போது வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்க ஆரம்பித்தது. டப்... டப்... ஒரு இருமல்... டப். கலப்பையை இறக்கினால் வெள்ளைப் புகை விட்டு அழுதது. நாற்றங்காலில் நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. வாடகை டிராக்டர் என்றால், ஊரே உழுகிற நேரத்தில் எவன் வருவான்?

டவுன் பட்டறைக்காரர் வந்தார். ஒரு நிமிஷம் கேட்டார். "பம்பையும் மூணு நாசிலையும் கழட்டிக் கோயமுத்தூர் அனுப்போணும். நாலு நாள் ஆகுமுங்க" என்றார். மாமா ஒன்றும் பேசாமல் நாற்றங்காலைப் பார்த்தார்.

அத்தைதான் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரை வரவழைத்தார். ஆயுசு முழுக்க டீசல் என்ஜினோடு பழகியவர். வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"ஏனுங், காலைல எடுத்ததும் அடிக்குதா, சூடானப்பறமா?"

"சூடானப்பறம்தானுங்ணா. லோடு குடுத்தா ஜாஸ்தி."

"கருப்புப் புகை வந்துச்சா?"

"இல்லீங்ணா, வெள்ளைதான்."

கருப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியே வருகிறது. இதெல்லாம் அவர் எனக்குச் சொன்ன பாடம்.

அப்புறம் ஒரு வேலை செய்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அதுதான் சண்டி மாடு. (கிட்டே கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

ஒன்று... சத்தம் இறங்கியது. இரண்டு... இறங்கியது. மூன்றும் இறங்கியது!

"மூணும் ஒழைக்குதுங். நாசில் மேல பழி போடாதீங்க. கோளாறு பம்புக்கு முன்னால."

நான் பி.காம். எனக்கு இது சட்டென்று புரிந்தது. டிரையல் பேலன்ஸ் இடித்தால் கணக்குப் புத்தகத்தையே கொளுத்துவோமா? வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா பார், எண் இடம் மாறியிருக்கும் என்பார் எங்கள் வாத்தியார். முதலில் காசில்லாத சோதனை, அப்புறம்தான் காசு!

ஃபில்டர் மேலிருந்த ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை நெம்பை அடித்தார். டீசலோடு நுரை நுரையாகக் குமிழி வந்தது. காற்று! டேங்க்கிலிருந்து வரும் பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே மட்டும் மண் அப்பியிருந்தது. "ஈரம் இருந்தாத்தானுங் மண்ணு ஒட்டும்."

டேங்க் வாயில் இருந்த சல்லடையில் கேன் கசடு பாதி அடைத்திருந்தது. பம்ப் உறிஞ்சிப் பார்க்கிறது; டீசல் வராத குறைக்கு, நசுங்கிப்போன செம்பு வாஷர் வழியாகக் காற்று உள்ளே போகிறது. வேலை கூடினால் டீசல் கூட வேண்டும், காற்றும் கூடப் போகும். அதனால்தான் லோடு கொடுத்தால் அழுகை. வெளியே சொட்டினால் யாருக்கும் தெரியும். உள்ளே போகிற காற்று யார் கண்ணுக்குத் தெரியும்?

சல்லடையைக் கழுவி, புது வாஷர் போட்டு, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தார். வண்டி இருமலை விட்டது. வாஷருக்கு ஆன செலவு ஒரு டீக் காசு. அன்று மாலைக்குள் உழவு முடிந்தது, மறுநாள் நடவு.

புறப்படும்போது இரண்டே புத்தி சொன்னார். ராத்திரி டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் கட்டும். டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

நான் சேர்ப்பது ஒன்று. யாராவது வந்து, கேட்ட மாத்திரத்தில் "பம்பை இறக்கோணும்" என்றால், மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த சிலிண்டர்ங்க?" பதில் இல்லையென்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நாலு நாளும் மிச்சம், நாற்றும் மிச்சம்!