உதிர்வதும் நிற்பதும்

உளுந்துச் செடி விடுகிற பூக்களில் பெரும்பங்கு காயாவதில்லை. பூத்த சில நாட்களிலேயே அவை காம்போடு கழன்று விழுந்துவிடுகின்றன. மாசி மாதக் காலையில் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வயல் வரப்பில் நின்று குனிந்து பார்த்தால், நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே, பனி ஈரம் காயாத மண்ணில் மஞ்சள் பூக்கள் சிதறிக் கிடப்பது தெரிகிறது. நோய்ப்பட்ட செடியின் அடியில் மட்டும் அல்ல, தெம்பாக நிற்கும் செடியின் அடியிலும் அப்படியே கிடக்கின்றன. பூ கொட்டுகிறது என்று சொல்லிவிட்டு வயல்காரர் அடுத்த செடிக்குப் போகிறார். அந்த ஒரு சொல்லுக்குள் தாவர ஹார்மோன்களின் கதை பாதி அடங்கியிருக்கிறது.

பூ தானாக ஒடிந்து விழுவதில்லை. செடிதான் அதைக் கழற்றிவிடுகிறது. பூக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களால் ஆன ஓர் அடுக்கு உண்டு. வளரும் பூவும் பிஞ்சும் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து காம்பின் வழியே தண்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த வரத்து நிற்காதவரை அடுக்கு அசைவதில்லை. மண்ணில் ஈரம் குறையும்போது, வெயில் ஏறும்போது, செடியிடம் எல்லாப் பிஞ்சுக்கும் போதிய உணவு இல்லாதபோது ஆக்சின் வரத்து தளர்கிறது. உடனே எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் கை ஓங்குகிறது. செல் சுவரைக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன, அடுக்கு இளகுகிறது, பூ விழுகிறது. பஞ்ச காலத்தில் குடும்பம் செலவைச் சுருக்குவது போன்ற ஏற்பாடு இது. செடியின் கணக்கில் அது சரிதான். வயல்காரரின் கணக்கில் அது இழப்பு.

ஆக்சின் இருப்பதை உறுதியாகக் காட்டியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆய்வு செய்த பிரிட்ஸ் வென்ட். 1926-ல் அவர் ஓட்ஸ் நாற்றுகளின் நுனியை வெட்டி அகர் துண்டுகள் மேல் வைத்தார். நுனியிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று அகரில் இறங்கியது. நுனி இழந்த நாற்றின் ஒரு பக்கத்தில் அந்த அகர் துண்டை வைத்ததும் அந்தப் பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்து நாற்று வளைந்தது. பின்னாளில் அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்கள் ஆலைகளில் தயாராயின. அவற்றுள் ஒன்றான நாப்தலின் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக என்.ஏ.ஏ., இன்று பிளானோபிக்ஸ் என்ற பெயரில் உரக்கடைகளில் சிறு பாட்டில்களாக விற்கிறது.

ஒரத்தநாட்டு வட்டாரம் காவிரிப் பாசனத்தின் புதுப் பகுதி. 1934-ல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய்தான் இங்கே தண்ணீர் கொண்டுவருகிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் புதாறு. பழைய டெல்டாவின் களிமண்ணைப் போல இங்குள்ள மண் எல்லா இடத்திலும் ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அதனால் நெல்லோடு கடலை, எள், தென்னை, உளுந்து என்று பயிர்கள் கலந்தே இருக்கின்றன. சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டாவின் பழைய வழக்கம். பிறகு தண்ணீர் கட்டுவது கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் 65, 70 நாள் பயிரைக் கரையேற்ற வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 3 ரகம் இதற்கென்றே பெயர் பெற்றது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்குவதால், பலர் நெல் அறுத்த பின் உழுது விதைக்கிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கட்டாத பயிருக்கு வறட்சி பூக்கும் பருவத்தில்தான் வந்து சேர்கிறது. ஹார்மோன் தெளிப்பு தேவைப்படுவதும் அதனால்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவானது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்.ஏ.ஏ. கலந்த கரைசலைப் பூ விடும் முன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் அடிக்க வேண்டும். அதோடு 2 சத டி.ஏ.பி. உரக் கரைசலையும் பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் கொடுக்க வேண்டும். பூவை நிறுத்துவது ஹார்மோன்; நின்ற பூவுக்குச் சோறு போடுவது டி.ஏ.பி. இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது அரை வேலை. சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த பயறு ஒண்டர் என்ற கலவையையும் பல்கலைக்கழகம் ஏக்கருக்கு 2 கிலோ என்ற கணக்கில் தருகிறது.

இந்தப் பரிந்துரை தாளிலிருந்து இலைக்கு வந்து சேரும் வழியில் மருந்து அடிக்கிறவர் நிற்கிறார். பிளானோபிக்ஸ் பாட்டிலில் உள்ளது 4.5 சதக் கரைசல். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 180 மில்லி வேண்டும். ஒரத்தநாட்டில் நிலத்தை மா கணக்கில் பேசுகிறார்கள். மூன்று மா ஓர் ஏக்கர். ஆக மாவுக்கு 60 மில்லி, பத்து லிட்டர் கைத்தெளிப்பானில் ஏழு டேங்கு, டேங்குக்கு 9 மில்லி. இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் மொண்டு, மருந்தைக் கலந்து, முதுகில் ஏற்றி, செடி மிதிபடாமல் தாள் வரிசைக்குள் கால் வைத்து நடப்பது சாதாரண வேலை அல்ல.

நடையில்தான் கைத்திறன் தெரிகிறது. இடது கை நெம்புகோலை ஒரே சீராக அடிக்க, வலது கை நாசிலைச் செடியின் நுனிக்கு ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டு போகிறது. அடி வேகமாக வைத்தால் இலை நனையாது. மெதுவாக வைத்தால் கரைசல் இலையில் நிற்காமல் மண்ணுக்குப் போய்விடும். காற்று எழுமுன் காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோதான் அடிக்கிறார்கள். உச்சி வெயிலில் துளி இலையில் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். காற்றுக்கு எதிரே நடப்பதில்லை. பழகியவர் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு, நனைந்த செடிக்குள் மறுபடி நுழையாதபடி போகிறார். டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுக்கிறார்கள். மண்டி கலந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். இவை எந்தப் பாட்டிலின் மேலும் எழுதியிருப்பதில்லை.

சிக்கல் ஒன்றும் இங்கேயே இருக்கிறது. பழைய கைத்தெளிப்பானின் இடத்தை 16 லிட்டர் பேட்டரி டேங்கு பிடித்து வருகிறது. கை ஓய்கிறது, நல்லதுதான். ஆனால் பத்து லிட்டருக்குப் பழகிய மூடிக் கணக்கு மாறாமல் அதற்கும் தொடர்ந்தால் கரைசல் நீர்த்துப் போகிறது. பத்து மில்லி மூடி ஒன்றை 16 லிட்டரில் ஊற்றினால் லிட்டருக்குக் கிடைப்பது 28 மில்லிகிராம் அளவே; தேவை 14 மில்லி. அடித்தும் பலனில்லை என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அளவு கூடினால் நிலைமை இன்னும் மோசம். ஆக்சினுக்கு இரண்டு முகம். சிறு அளவில் பிஞ்சைப் பிடித்து நிறுத்தும் என்.ஏ.ஏ.யையே, ஆப்பிள் தோட்டங்களில் பூத்து முடிந்ததும் அடித்து அதிகப் பிஞ்சுகளை உதிர்க்கவும் பயன்படுத்துகிறார்கள். நெல் வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி மருந்தும் ஆக்சின் குடும்பம்தான். வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னையில் குரும்பை உதிர்வதைத் தடுக்க அதே 2,4-டியை லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில், பாளை வெடித்து ஒரு மாதம் கழித்துப் பூங்கொத்தில் தெளிக்கச் சொல்கிறது. களைக்கு அடிப்பது அதைப்போலப் பல மடங்கு. காப்பதும் கொல்வதும் ஒரே பொருள், வேறுபாடு அளவில்தான். நெல் புல்லினம், அதனால் தாங்குகிறது. உளுந்தும் திராட்சையும் அகன்ற இலைச் செடிகள், தாங்குவதில்லை. நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் உளுந்துக்கு எடுத்தால் இலை சுருண்டு தண்டு முறுக்கிக்கொள்ளும். திராட்சையோ தூரத்து வயலில் அடித்த 2,4-டி காற்றில் மிதந்து வந்தாலே இலை விசிறிபோல் மடிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

திராட்சையைப் பற்றி இங்கே பேசக் காரணம் உண்டு. திராட்சைத் தோட்டத்தின் பெயர்பெற்ற ஹார்மோனான ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே நெல் நாற்றில்தான். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றை மிஞ்சி ஓங்கி வளர்ந்து, பிறகு சாய்ந்து மடியும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானியர் அதை மூட நாற்று என்ற பொருளில் பக்கானே என்றார்கள். அந்நோயைத் தரும் பூசணம் வளர்ந்த நீரைப் பூசணம் நீக்கித் தெளித்தாலும் நாற்று ஓங்குகிறது என்று 1926-ல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா காட்டினார். அந்தப் பொருளுக்கு இன்னொரு ஜப்பானிய ஆய்வாளர் யாபுத்தா 1935-ல் பூசணத்தின் பெயரை ஒட்டி ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார்; 1938-ல் அதன் படிகங்கள் கிடைத்தன.

நெல்லுக்கு நோயாக வந்தது திராட்சைக்கு மருந்தானது. திராட்சைப் பழத்தைப் பெருக்க வைப்பது அதன் விதை சுரக்கும் ஹார்மோன்கள். விதை கருவிலேயே கருகிவிடும் தாம்ஸன் சீட்லெஸ் போன்ற ரகங்களில் பழம் சிறுத்துப் போகிறது. 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் விதையின் இடத்தை ஜிப்ரலின் தெளிப்பு பிடித்துக்கொண்டது. நம் பல்கலைக்கழகப் பரிந்துரை, பூவின் தொப்பி கழலும்போது ஒரு முறையும் பிஞ்சு மிளகளவு ஆனதும் மறுமுறையும் கொத்தை லிட்டருக்கு 25 மில்லிகிராம் கரைசலில் முக்கி எடுப்பது. ஒரு கிராம் தூளுக்கு 40 லிட்டர் தண்ணீர். தூளை முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்தால்தான் நீரில் சேரும்.

தமிழகத்தின் திராட்சை நாடு தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளைவது பெரும்பாலும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற பன்னீர் திராட்சை. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கு விதை உண்டு. ஆகவே ஜிப்ரலினை நம்பியே வாழ்வதில்லை. அங்கே ஹார்மோனை ஆள்வது கவாத்துக் கத்தரி. நுனி மொட்டு சுரக்கும் ஆக்சின் கீழ் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நான்கு மொட்டு விட்டுக் கிளையை வெட்டியதும் அடக்குமுறை நீங்கி, வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மொட்டுகளை எழுப்புகிறது. மொட்டுக்குள் உருவாகும் சிறு முளை பூங்கொத்தாவதா, பற்றுக்கம்பியாவதா என்பதையும் ஹார்மோன்களே முடிவு செய்கின்றன. சைட்டோகைனின் மிகுந்தால் கொத்து, ஜிப்ரலின் மிகுந்தால் வெறும் பற்றுக்கம்பி. சீனிவாசனும் மல்லின்ஸும் 1981-ல் எழுதிய ஆய்வுரை இதை விரிவாக விளக்கியது. காயைப் பெருக்கும் ஜிப்ரலின் தவறான பருவத்தில் போனால் காய்க்கும் வாய்ப்பையே பறிக்கும் என்பது இதன் பொருள். பந்தலுக்குக் கீழே கையை உயர்த்தி நின்று பற்றுக்கம்பி களைகிறவர்களும், பட்டாணிப் பருவத்தில் நெருக்கமான கொத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குப் பிஞ்சைக் கத்தரிக்கிறவர்களும் செய்வது, ஒரத்தநாட்டில் டேங்கு சுமக்கிறவர் செய்வதைப் போன்ற வேலையே: செடியின் உள்கணக்கில் கைவைப்பது.

நெல்லிலும் ஜிப்ரலின் இன்னொரு வழியில் வேலை செய்திருக்கிறது. 1966-ல் வந்த ஐ.ஆர். 8 நெல் ரகம் குட்டையாக நின்றது, ஜிப்ரலின் தயாரிக்கும் நொதி ஒன்று அதில் பழுதானதால்தான். அந்த மரபணுவை 2002-ல் அடையாளம் கண்டார்கள். உயர்ந்து வளர்ந்து கதிர் பாரத்தில் சாயும் பழைய ரகங்களைப் பார்த்த தஞ்சை விவசாயிக்குக் குட்டைப் பயிரின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளில் 2018 கஜா புயல் விட்டுவைத்த மரங்களுக்கு, சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த தென்னை டானிக்கை வேர் மூலம் கட்டுகிறார்கள். பென்சில் பருமனுள்ள உயிர் வேரைத் தோண்டி, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் உள்ள பையில் நுழைத்து நூலால் கட்டுவது. வேர் பழுதாயிருந்தால் பை அப்படியே கிடக்கும். நல்ல வேரை நிறத்தைப் பார்த்தே எடுக்கிறவர்கள் உண்டு.

ஹார்மோனால் ஆகாததும் உண்டு. மஞ்சள் தேமல் கண்ட உளுந்தை எந்த ஊக்கியும் மீட்காது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி; செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். மண்ணில் ஈரமே அற்றுப்போன வயலில் நின்ற பூவும் சாவிக்காயாகத்தான் முடியும். பூச்சிமருந்து, ஊக்கி, டி.ஏ.பி. மூன்றையும் கூலி மிச்சத்துக்காக ஒரே டேங்கில் கலப்பதும் சரியல்ல. எது பலித்தது, எது கெடுத்தது என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

பார்த்த வயல்களில் மருந்து அடிக்கிறவர் கையில் உறை இல்லை; வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். அளவுக் குவளையும் இல்லை. இவற்றை வாங்கித் தர வேண்டியது வயல்காரர் பொறுப்பு. களைக்கொல்லிக்கு ஒரு டேங்கும் ஊக்கிக்கு ஒரு டேங்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, நாசிலையும் குழாயையும் சேர்த்து மூன்று முறை அலசிய பிறகே உளுந்துக்கு எடுங்கள்.