எழுதாத பெயர்

திருநாவலூர்ப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிற சின்ன சபைக்கு நான் ஆயர். நாற்பது சொச்சம் குடும்பங்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள், கட்டட வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். சபைக்கென்று சொல்லிக்கொள்ள இரண்டு சொத்து உண்டு. ஒன்று ஏரிக்கரை ஓரத்துக் கல்லறைத் தோட்டம். இன்னொன்று பீரோவுக்குள் இருக்கிற ஞானஸ்நானப் பதிவேடு. 2025 முழுக்க எனக்கு அந்தப் பதிவேட்டோடுதான் வழக்கு.

வழக்கு என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் அரசு எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். தகப்பனார் வள்ளுவர் சமூகம், தாயார் கிறிஸ்தவர். நான் இந்துவாகத்தான் இருக்கிறேன் என்றார் அவர். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் ஆவணமாக அவருக்கு எதிரே வந்து நின்றது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதே செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததும் அதே தேதியில்தான், 2019இல். தேதிகளுக்குக் கேலி செய்யத் தெரியும்போல.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் துண்டோடு நிற்கும்போது ஒரு பெரியவர் ஓரமாக வந்து கேட்டார். "ஐயா, நம்ம புத்தகத்த யாராச்சும் வந்து கேட்டா குடுத்துடுவீங்களா?" வாழ்நாளெல்லாம் கரும்புச் சோகையில் கை கிழிந்தவர். பேரன் போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். புத்தாண்டு வாழ்த்துக்கு முன்னால் அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதன் கெடுவை நீட்டியது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டு அனுப்பியது. நம் மாநிலத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கல்லூரி இடம், அரசு வேலை என்று வரும்போது அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய் நிற்க வேண்டும். தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. அடி வாங்கினால் வன்கொடுமைச் சட்டமும் கைகொடுக்காது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இதைச் சொன்னது ஒரு போதகரின் வழக்கில்தான். சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று புகார் கொடுத்தவர் அவர். நீங்கள் கிறிஸ்தவர், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கழுத்துப் பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. இதை யார் சொல்லி நீதிமன்றம் நம்புகிறது? நாங்கள் சொல்லித்தான். பிரசங்க மேடையில் ஏறி இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கீழே இறங்கிக் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

2025இல் மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது, லெந்து காலத்து முதல் ஞாயிறு. அன்றைய பிரசங்கத்தில் நான் எறையூரைப் பற்றிப் பேசினேன். 2008 மார்ச் 9ஆம் தேதியும் லெந்து காலத்து ஞாயிறுதான். எறையூர் இப்போது நம் மாவட்டம், அப்போது விழுப்புரம். ஜெபமாலை மாதா கோயில் ஒன்றுதான். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் அதே பங்கு. ஆனால் உட்கார வேறு இடம், பிணம் கொண்டுபோக வேறு வண்டி, புதைக்க வேறு கல்லறை. கோயிலுக்குப் போகிற பெருந்தெருவில் தலித் வீட்டுப் பிணம் போகக் கூடாது. தங்கள் பகுதியிலுள்ள சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக ஆக்கிக் கொடுங்கள் என்று தலித் மக்கள் கேட்டார்கள், உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். செத்தவர்களுக்காகவும்தான் நாங்கள் ஜெபித்தோம். சாதியைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஏழைகள் அவர்கள்.

இது கத்தோலிக்கர் கதை, நமக்கென்ன என்று சீர்திருத்தச் சபைக்காரர்கள் யாரும் மார் தட்ட வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனை பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள் என்று வரலாற்றில் இருக்கிறது.

அன்று பிரசங்கம் கேட்டவர்களில் ஞானஸ்நான வகுப்புக்கு வருகிற ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அவர்களில் ஒரு பெண் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தாள். ஆத்தா சபையின் பழைய அங்கத்தினர். அப்பா கடைசிவரை சேரவில்லை. அம்மா ஆராதனைக்கு வருவார், பெயர் எழுத மாட்டார். இவள் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவள். நற்செய்தியில் அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியுமா என்று சில நாள் சந்தேகம் வரும்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மா வீட்டுக்கு வந்தார். "தண்ணி ஊத்துங்க ஐயா, வேணாங்கல. புத்தகத்துல மட்டும் எழுதாதீங்க."

எழுதாமல் கொடுக்கச் சபை ஒழுங்கில் இடமில்லை என்றேன். அம்மாவிடம் வாதாட எனக்கு மனமில்லை. மகளைக் கூப்பிட்டுப் பேசினேன். சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. கலந்தாய்வில் அந்த ஒரு வரிதான் அவளுக்கு வழி. அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் படிச்சு முடிச்சுட்டு வரேன் ஐயா. அவரு காத்திருப்பாரு இல்ல?"

எங்கள் ஊர் சுந்தரர் பிறந்த ஊர். நாயன்மார்களை அவர் வரிசைப்படுத்திப் பாடியபோது நந்தனையும் சேர்த்தார், திருநாளைப்போவார் என்ற பெயரில். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தில்லையை நினைத்துச் சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர் அது. நந்தனுக்கு வழியை மறித்தது பிறப்பு. இந்தப் பிள்ளைக்கு அதே பிறப்போடு ஒரு காகிதமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 20 ஈஸ்டர் அன்று நான்கு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவள் பாடகர் வரிசையில் நின்று பாடினாள். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து முன்னால் வந்தபோது அவள் மட்டும் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆண்டு முழுக்க ஒவ்வொரு திருவிருந்திலும் அப்படித்தான். எறையூரில் மனிதர்கள் நம்மைத் தனியாக உட்காரவைத்தார்கள். இங்கே யாரும் சொல்லாமலேயே ஒரு பிள்ளை தனியாக உட்காருகிறது.

இவளைப் போன்றவர்களை இரட்டை வேடக்காரர்கள் என்று எழுதுகிறார்கள். நம் ஆட்களிலேயே சிலர் எழுதுகிறார்கள். பெயர் மாற்றி வாழ ஒருவருக்கும் ஆசையில்லை ஐயா. ஒரு சீக்கியரையோ பௌத்தரையோ கேட்காத கேள்வியை இந்தப் பதினேழு வயதுப் பெண்ணிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஜூன், ஜூலையில் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி கெட்டுப்போய் மூன்று வாரம் தொண்டை கிழியப் பேசினேன். ஆகஸ்ட் 10, கறுப்பு நாள், அதுவும் ஞாயிறாக வந்தது. வாசலில் நின்று வருகிறவர்கள் சட்டைக்கெல்லாம் கறுப்புத் துணி குத்தியவள் அவள்தான். அரசாங்கக் கணக்கில் அவளுக்கும் அந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் நர்சிங் கிடைத்து, அதற்குப் பின் கல்லூரிக்குப் போனாள்.

அக்டோபர் மழையில் அவளுடைய ஆத்தா இறந்துபோனார். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழி உண்டு. ஊர்த்தெரு வழியே தார்ச் சாலை, பத்து நிமிஷம். இல்லையென்றால் வாய்க்கால் வரப்பு. ஊர்த்தெரு வழியே காலனிப் பிணம் போனதில்லை. இந்த முறை கேட்டுப் பார்ப்போம் என்று இளைஞர்கள் நான்கு பேர் போனார்கள். "பழக்கத்த மாத்தாதீங்க" என்று பதில் வந்தது. புகார் கொடுக்கலாம் என்றான் ஒருவன். ஆத்தா பதிவேட்டில் கிறிஸ்தவர், எந்தச் சட்டத்தில் கொடுப்பது என்று இன்னொருவன் கேட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வரப்பு வழியே போனோம். அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஊர்த்தெருவில் ஒருவரும் ஆத்தாவின் மதம் என்ன என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. ஆத்தாவின் ஞானஸ்நானத் தேதி வேண்டும் என்று பழைய புத்தகத்தை எடுத்தேன். மிஷன் காலத்துப் புத்தகம், அட்டையைக் கரையான் அரித்திருக்கிறது. பேத்தியும் கூட உட்கார்ந்து பார்த்தாள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில் அவள் விரல் நின்றது. அந்தக் கட்டத்தின் தலைப்பு, சாதி. ஆத்தாவின் பெயருக்கு நேரே நல்ல நீல மசியில் பறையர் என்று எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். எல்லாப் பக்கத்திலும் அந்தக் கட்டம் இருந்தது.

"கிறிஸ்தவத்துல சாதி இல்லன்னு கோர்ட்ல சொன்னாங்களே, இந்தப் புத்தகத்த யாரும் பாக்கலயா ஐயா?"

இல்லை என்றேன்.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

சன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கே வைத்து எடு என்றேன். மூன்று பக்கங்கள் எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.