விளையாட்டாய் வரட்டும் கணக்கு

கணக்கு என்றதும் அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். "எனக்கும் கணக்கு வராது, என் மகளுக்கும் வரவில்லை" என்று தாய்மார்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். குழந்தையின் செவியில் விழும் அச்சொல் அதன் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. பின்னாளில் அவள் பெரியவளாகி, பாகப்பிரிவினையின்போது தன் பங்கு எவ்வளவு என்றறியாமல், பிறர் போட்டுக் கொடுத்த கணக்கில் கையொப்பமிடும் நிலை வரை அது கொண்டுபோய் விடுகிறது.

மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போது நான் கண்டதைச் சொல்கிறேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒன்று முதல் நூறு வரை தடையின்றிச் சொன்னான். "தட்டிலிருந்து ஏழு பேரீச்சம்பழம் எடுத்து வா" என்றேன். ஒரு பிடி அள்ளி வந்தான்! எண்களின் பெயர்களை அவன் மனனம் செய்திருந்தானே தவிர, எண்ணக் கற்றிருக்கவில்லை. ஓதல் நாவினால் பழகுவது. எண்ணுதலோ கையினால் பழக வேண்டியது. அதற்கேற்ற இடம் வீடு. ஏற்ற வழி விளையாட்டு.

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். (மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வாயிலிட்டுக் கொள்ளக்கூடும், அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.)

முதலில் 'ஒற்றையா, இரட்டையா?' ஆடுங்கள். கையில் சில கொட்டைகளை மூடிக்கொண்டு கேளுங்கள். பிள்ளை சொன்ன பின் இரண்டிரண்டாக அடுக்கச் செய்யுங்கள். துணையின்றி ஒன்று மிஞ்சினால் அது ஒற்றை. நோன்புப் பெருநாள் காலையில் பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாக உண்டு தொழுகைக்குப் புறப்படுவது நபிவழி என்பதையும் அப்போதே சொல்லலாம்.

அடுத்து, பத்துக் கொட்டைகளைப் பரப்பி, சிலவற்றைக் கிண்ணத்தால் மூடுங்கள். வெளியே 6 தெரிந்தால் உள்ளே எத்தனை? நாள்தோறும் ஆடினால் பத்தின் இணைகள் விரல்விட்டு எண்ணாமலே வந்துவிடும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அதுவே அடித்தளம்.

விருந்து நாளில் பிள்ளையை அழைத்து, "ஒரு சஹனுக்கு மூவர் அமர்ந்தால், 12 பேருக்கு எத்தனை சஹன் விரிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். வகுத்தல் என்ற பெயரை அறியுமுன்பே அது வகுத்துவிடும். சற்று வளர்ந்த பிள்ளையிடம், 33 மணிகள் கொண்ட தஸ்பீஹை மும்முறை சுற்றினால் எத்தனை, நூறாவதற்கு இன்னும் எத்தனை வேண்டும் எனக் கேட்கலாம். பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியையும் பரணிலிருந்து இறக்குங்கள். 14 குழிகள், குழிக்கு 5 வீதம் 70 கொட்டைகள். எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பயிற்சி அதில் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள்: பந்தயம் கூடாது, பகடை உருட்டுவதை ஹதீஸ் தடுத்திருப்பதால் தாயமும் வேண்டாம். பிள்ளை தவறிச் சொன்னால் சினந்து கொள்ளாதீர்கள். "எண்ணிப் பார்ப்போமா?" என்றால், அதுவே தன் பிழையைக் கண்டுகொள்ளும். பத்து நிமிடம் போதும். சலிப்புத் தட்டுமுன் நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ இயற்றிய 'அல்-ஜப்ர்' நூலின் பெயரிலிருந்தே அல்ஜீப்ரா என்னும் சொல் பிறந்தது. அந்நூலின் ஒரு பெரிய பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டைப் பற்றியதே! மார்க்கம் விதித்த பங்கு உரியவரைச் சென்றடைய, கணக்கறிவு வேண்டும் என அப்பேரறிஞர் உணர்ந்திருந்தார். அத்தகைய முன்னோரின் வழிவந்த நம் பெண்மக்கள் கணக்குக்கு அஞ்சலாமா?

இன்று மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே அணைத்து வைத்துவிட்டு, புளியங்கொட்டைகளுடன் பிள்ளையின் எதிரே அமருங்கள். பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.