பலகைமேல் புள்ளலூர்

போரைப் பலகைமேல் நடத்திப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. சதுரங்கம் என்னும் சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. மேலைநாட்டில் பிரசியப் படைத்தலைவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்முறை பயின்றனர். ஆங்கிலக் கதையாசிரியர் எச். ஜி. வெல்சு, பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை 1913இல் ஒரு நூலாகவே எழுதினார். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒத்த வலிமை உடையன. நிலமும் வெறுங் கட்டமே. உண்மையில் நடந்த போரைப் பலகையில் ஏற்றினாலோ ஆறும் பனந்தோப்பும் இருளும் பசியும் உடன் ஏறிவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் மாணவர் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொருட்காட்சி என்றவுடன் குடவோலைப் பானையைத் தூக்கி வருவது வழக்கம். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு பெருமைக்குரியதே. ஆயினும் ஒரே பானையை எத்தனை முறை குலுக்குவது? இம்முறை ஒரு போரைக் காட்டுவோம் என்றனர். துணைக்கு என்னை அழைத்தனர். வெட்சி முதல் வாகை வரை பாடம் நடத்தியவன் போர்க்கலையும் அறிந்திருப்பான் என்று நம்பினர் போலும்! பீரங்கிக்குப் புறத்திணையில் இடமில்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரைத் தேர்ந்தோம். பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமென்று காசாக்குடிச் செப்பேடு கூறும் ஊர் அது. நாங்கள் காட்ட எண்ணியது, அதே மண்ணில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் நிகழ்ந்த போர். அவ்வாண்டு ஐதர் அலி மைசூர்ப் பெரும்படையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கினார். காஞ்சியில் மன்றோ என்னும் ஆங்கிலத் தளபதி பாசறை அமைத்திருந்தார். வடக்கே குண்டூர்ப் பகுதியிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையுடன் வந்து அவரோடு சேர வேண்டும். வழியில் கொற்றலையாறு பெருக்கெடுத்துப் பெய்லியைப் பல நாள் தடுத்துவிட்டது. அந்த இடைவெளியில் திப்பு குறுக்கே வந்துவிட்டார்.

பொம்மைக்கு வேண்டிய மண்ணை எங்கள் ஏரியிலிருந்தே எடுத்தோம். வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் கூறும் ஏரி அது. அதன் வண்டல் விரலுக்கு நன்றாக இணங்கும். ஐம்பது வீரர்க்கு ஒரு பொம்மை எனக் கணக்கிட்டோம். பெய்லியின் படை ஏறத்தாழ 3,800 பேர். ஆகவே 76 பொம்மைகள். மாணவர்கள் எல்லாவற்றுக்கும் செஞ்சட்டை தீட்டி, முகங்களையும் வெள்ளையாக்கி வரிசையில் நிறுத்திவிட்டனர். அப்படையில் ஐரோப்பியர் சில நூற்றுவரே. ஏனையோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். இதைக் கூறியதும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பத்துப் பொம்மைகளை விடுத்து, மற்ற முகங்களையெல்லாம் மாநிறமாக மாற்றினர். "அப்படியானால் இரண்டு பக்கமும் நம்மவரா, ஐயா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆம் என்றேன்.

சீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இப்போர் ஓவியமாக உள்ளது. அதன் படத்தைப் பார்த்தே காட்சியை அமைத்தோம். பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் சதுரமாக நிற்கும் படை, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி ஆகியன அதில் உள்ளன. மருந்து வண்டியின் தீக்குச் செம்பஞ்சும், மைசூரார் எய்த இரும்புக்குழாய் வாணங்களுக்குத் துடைப்பக் குச்சியும் பயன்பட்டன.

ஆட்டத்தின் உயிர்நிலை செப்டம்பர் 9ஆம் நாள் இரவு. காஞ்சி ஏறத்தாழ ஒரு காதத் தொலைவில் இருக்கையில், பெய்லி விடியும்வரை தங்கிவிட்டார். மன்றோவோ, காஞ்சியில் சேர்த்து வைத்த உணவுப் பொருளை விட்டு அகலத் தயங்கினார். காண வந்தவருள் ஒருவரைப் பெய்லியாகவும் ஒருவரை மன்றோவாகவும் அமர்த்தி, தங்குவதா நடப்பதா என்று முடிவு செய்யச் சொன்னோம். அதன்பின் தாயக்கட்டையை உருட்டுவர். தாயம் விழுந்தால் வழிகாட்டி சரியான பாதையில் நடத்துவான். வேறு எண் விழுந்தால் இருளில் அலைவர். ஒன்பது ஆட்டங்களில் நான்கில் பெய்லி காஞ்சியை அடைந்தார். வென்றவர்கள் கைகொட்டி ஆரவாரித்தனர். வரலாற்றில் அவர் காயமுற்றுச் சிறைப்பட்டதையும், 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்ததையும், மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியதையும் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஒரு மாணவி உரக்கப் படிப்பாள். குளத்துப் பகுதி வரும்போது அவள் குரலில் ஒரு குறும்பு இருக்கும். அதைக் கேட்கவே சிலர் மீண்டும் வந்தனர்.

இரண்டாம் நாள் மாலை, புள்ளலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூதாட்டி ஒருவர் பலகையருகே நெடுநேரம் நின்றார். தோப்பைக் காட்டினோம், வாணத்தைக் காட்டினோம். "சண்டையெல்லாம் சரி அப்பா, அங்கே குடியிருந்தவர்கள் எங்கே?" என்றார். மாணவர்கள் என்னைப் பார்த்தனர். ஓவியத்திலும் அவர்கள் இல்லை. அவ்வாண்டில் ஊர்கள் எரிந்தன; வயல்கள் பாழாயின; மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடினர். அடுத்த ஆண்டு 1781 ஆகஸ்டு 27ஆம் நாள் ஆங்கிலப் படை மீண்டும் அங்கு வந்து ஐதரோடு பொருதது. அந்நாளில் வீழ்ந்த ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. உழுதவர்க்குத் தூண் ஏது?

அன்றிரவே பிள்ளைகள் மீதியிருந்த மண்ணைப் பிசைந்தனர். தலையில் மூட்டையுடன் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, கன்றை இழுத்துச் செல்லும் கிழவன் என்று இருபது பொம்மைகள் உருவாயின. வண்ணம் தீட்ட நேரமில்லை. ஈரம் உலராமலே மூன்றாம் நாள் காலை பலகையில் ஏறின. அவர்களை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதில் பெரும் வழக்கு எழுந்தது. இறுதியில் இரு படைக்கும் நடுவே, வரப்பின்மேல் வைத்தனர். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களே முதலில் நகர வேண்டும், அதற்குத் தாயம் விழ வேண்டியதில்லை என்று ஒரு விதியும் எழுதிப் பலகையின் ஓரத்தில் ஒட்டினர்.