கணக்கிற் பிறந்த கண்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப்பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருமாறு அதன் ஆசிரியர் எம்மைக் கேட்டபோது, "வரவு செலவுக் கணக்குக் கற்பிப்பார்க்குத் தமிழ்ப்பகுதியில் என்ன வேலை?" என்று கூறி நழுவ எண்ணினோம். ஆயினும், சென்ற ஆண்டு எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று எம் உள்ளத்தைவிட்டு அகலாதிருத்தலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அது மார்ச்சு மாதம். கணக்கு முடிக்குங் காலம். எம் அன்னையார் கொல்லைப்படியிற் கால் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விழுந்த அன்று நெற்றியிற் சிறு வீக்கமன்றி வேறொன்றுங் காணப்படவில்லை. பின்னர் நாளுக்குநாள் தலைநோவு மிகுந்தது, சொல் குழறிற்று, ஒருநாட் காலை, எம்மையே காலஞ்சென்ற எம் தந்தையாராக எண்ணிப் பேசத் தொடங்கினார். முதுமையின் தளர்ச்சி இதுவென்று யாம் வாளாவிருந்த பிழையை இன்று நினைப்பினும் நெஞ்சு சுடுகின்றது.

வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், தலையை ஸ்கான் எடுத்தல் வேண்டுமென்று டாக்டர் கூறினார். தள்ளுவண்டியிற் செல்லும்போது அன்னையார் எம் கையைப் பற்றி, "கணக்கு முடிந்ததா, ஐயா?" என்று வினவினார். எம்மை அடையாளங்கண்டு வினவினாரோ, தந்தையாரென்று எண்ணி வினவினாரோ, அறியோம். கதவு மூடிற்று. வெளியே பெஞ்சியில் அமர்ந்து, "இருபதாண்டு யாம் கற்பித்த பேரேடும் குறிப்பேடும் இவ்வேளையில் எதற்குப் பயன்? வைத்தியம் கற்றிருத்தலாகாதா?" என்று எம்மையே நொந்துகொண்டோம்.

சில நிமிஷங்களிற் படம் வந்தது. மண்டையோட்டிற்கும் மூளைக்கும் இடையே பிறை வடிவாக இரத்தந் தேங்கி மூளையை அமுக்கியிருந்ததை டாக்டர் விரலாற் சுட்டிக் காட்டினார். அன்றிரவே மண்டையோட்டிற் சிறு துளையிட்டு அதனை வடித்தனர். நான்காம் நாள் அன்னையார் எம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அதன்பின் அவ்யந்திரத்தின் பிறப்பு வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படித்தபோது எமக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே தோன்றின. ஏனெனில், அஃது ஒரு வைத்தியக் கம்பெனியிற் பிறந்ததன்று. சம்பளப்பட்டியும் பாங்குக் கணக்கும் போடும் யந்திரங்களைச் செய்து விற்ற ஓரிடத்திற் பிறந்தது.

இங்கிலாந்தில் மிடில்செக்ஸைச் சார்ந்த ஹேஸ் என்னும் ஊரில் ஈ.எம்.ஐ. என்னுங் கம்பெனி இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டு 1931-இல் இணைந்ததனால் உண்டாயது அது. பின்னர் ரேடார் முதலிய மின்கருவிகளிலும் அது கைவைத்தது. காட்பிரி ஹவுன்ஸ்பீல்டு என்பார் அங்கே வேலைக்கு அமர்ந்தார். அவர் 1919-இல் நாட்டிங்ஹாம்ஷயரிற் பிறந்து, பண்ணை வீட்டில் வளர்ந்தவர். யுத்தகாலத்தில் விமானப்படையில் ரேடார் வித்தை பயின்றவர். சர்வகலாசாலைப் பட்டம் பெறாதவர்.

1958-ஆம் ஆண்டை யொட்டி எமிடெக் 1100 என்னும் வியாபாரக் கம்ப்யூட்டரை அமைக்குங் குழுவிற்கு அவர் தலைமை வகித்தார். வால்வுகளை விடுத்து முழுவதும் டிரான்ஸிஸ்டர்களால் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட முதற் கம்ப்யூட்டர்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்து டிரான்ஸிஸ்டர் மிக மந்தமானது. காந்த வளையங்களைத் துணைகொண்டு அம்மந்தத்தை அவர் வென்றார். அவ்யந்திரம் 24 இடங்களுக்கு விலைபோயிற்று. பார்க்ளேஸ் பாங்கு 1961-இல் லண்டனில் நிறுவிய கணக்கு நிலையத்தில் வேலைசெய்தது அதுவே.

ஆனால் அத்தொழில் நிலைக்கவில்லை. விரைவான டிரான்ஸிஸ்டர்கள் வந்தமையால் அம்முறை பழையதாயிற்று. 1962-இல் ஈ.எம்.ஐ. தன் கம்ப்யூட்டர்ப் பகுதியை ஐ.சி.டி. என்னும் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. ஹவுன்ஸ்பீல்டு அடுத்து முயன்ற பெரியதொரு ஞாபக யந்திரமும் வியாபாரத்திற்கு ஏற்காதென்று கைவிடப்பட்டது. பிறிதோரிடத்தில் அத்தகையாரை வேலையினின்று நீக்கியிருப்பர். இங்கோ, "தனித்திருந்து, இனி எதனை ஆராயலாமென்று எண்ணிப் பாரும்" என்று விட்டனர். 1967-இல் அவருக்கு அக்கருத்து உதித்தது.

அக்கருத்தைக் கணக்கர் மொழியிற் கூறுவோம். ஒரு பேரேட்டின் ஏட்டில் உள்ளிருக்குந் தொகைகள் யாவும் மறைக்கப்பட்டிருக்கின்றன. நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகப் பல பக்கங்களிற் கூட்டிய கூட்டுத்தொகைகள் மட்டும் தெரிகின்றன. கூட்டுத்தொகைகள் போதிய அளவு இருக்குமாயின், மறைந்த ஒவ்வொரு தொகையையுங் கணக்கிட்டு எடுத்துவிடலாம். தலைதான் அவ்வேடு. அதனூடே செல்லும் மெல்லிய எக்ஸ்-கதிர் எவ்வளவு குறைந்து வெளிப்படுகின்றதோ, அதுவே ஒரு கூட்டுத்தொகை. பல கோணங்களில் அளந்து, கம்ப்யூட்டரைக்கொண்டு உள்ளிருப்பதைக் கண்டுகொள்வதே ஸ்கான். தென்னாப்பிரிக்காவிற் பிறந்த ஆலன் கார்மக் என்னும் பௌதிக அறிஞர் இதற்குரிய கணிதத்தைத் தனித்து ஆராய்ந்து 1963-லும் 1964-லும் வெளியிட்டிருந்தார். அதனை அன்று கவனித்தார் அரியர்.

ஹவுன்ஸ்பீல்டின் முதற்சோதனை எளியது. ஒரு கடைசல் யந்திரத்தின் படுகையிற் பொருளை வைத்துக் காமாக் கதிரால் அளந்தார். 28,000 அளவைகளை எடுக்க ஒன்பது நாட்கள் சென்றன. எக்ஸ்-கதிர்க் குழாயைக் கொண்டபின் அது ஒன்பது மணியாகக் குறைந்தது. அரசாங்கச் சுகாதார இலாகாவும் பொருளுதவி செய்தது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி வைத்தியசாலையில், டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸின் மேற்பார்வையில், மூளையிற் கட்டியிருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு மாதின் தலை முதன்முதலிற் படமெடுக்கப்பட்டது. கட்டி இருந்த இடம் படத்திலே தெளிவாகத் தோன்றிற்று. கத்தி படாமலே மூளையின் உள்ளைக் கண்ட நாள் அது.

1972-இல் உலகம் இதனை அறிந்தது. 1979-இல் ஹவுன்ஸ்பீல்டும் கார்மக்கும் வைத்தியத்திற்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். அதே ஆண்டிற்றான் அக்கம்பெனி நஷ்டத்தால் நலிந்து தார்ன் என்னுங் கம்பெனியின் கைக்குட்பட்டது என்பதை நம் வாணிக மாணவர் கருதுதல் வேண்டும். பெருமுதலுடைய பிற கம்பெனிகள் விரைவிற் படமெடுக்கும் யந்திரங்களைச் செய்தன. விலையுயர்ந்த கருவிகளை வைத்தியசாலைகள் வாங்குவதற்கு அமெரிக்காவிற் கட்டுப்பாடுகளும் வந்தன. கண்டுபிடித்தவர் கையில் தொழில் தங்கவில்லை. ஆயினும் சரீரத்தின் அடர்த்தியை அளக்கும் அளவைக்கு, நீர் பூஜ்யம், காற்றுக் கழித்தல் 1000 என்னும் அளவைக்கு, ஹவுன்ஸ்பீல்டின் பெயரே இன்றும் வழங்குகின்றது. எம் அன்னையாரின் படமும் அவ்வளவையாலேயே எழுந்தது.

மாணவ அன்பர்காள்! "யான் கற்ற பாடம் வீண், விட்ட வேலையால் ஆண்டுகள் பாழ்" என்று வருந்தி எம் அறைக்கு வருவார் நும்முட் பலர். யாமும் அப்பெஞ்சியில் அவ்வாறே வருந்தினோம். ஹவுன்ஸ்பீல்டிற்கு ஒரு தொழில் கைமாறிற்று; ஒரு முயற்சி கைவிடப்பட்டது; அவற்றிற் பழகிய அறிவு மட்டும் அவரோடு வந்தது. கற்றது எங்கே பயன்படுமென்பதைக் கற்கும்போது அறிதல் அரிது.

மற்றொன்றுங் கூறி முடிப்போம். எத்துணை நுண்ணிய யந்திரமாயினும், அதன் முன் கொண்டுபோய்க் கிடத்தினாலன்றி அது காணாது. நும் இல்லத்து முதியோர் தலையில் அடிபட்டுச் சில வாரங்களுக்குப்பின் மயங்கிப் பேசுவாராயின், முதுமையென்று சொல்லி எம்மைப்போல் நாட்கடத்தாதீர். இவ்வாண்டு மார்ச்சில் அன்னையார் தெளிந்த குரலில், "கணக்கு முடிந்ததா, ஐயா?" என்று மீண்டும் வினவினார். "முடிந்தது, அம்மா" என்றோம். மூன்று வாரத்துக் கணக்கு ஒன்று மட்டும் எம் மனத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.