உரிமம் எனக்கா, பெட்டிக்கா?

செகந்திராபாத் பார்க் லேனில் செனாய் டிரேட் சென்டர் முழுக்கக் கணினிக் கடைகள். மொழிபெயர்ப்பே பிழைப்பான எனக்கு அங்கே எழுந்த கேள்வி: கணினியோடு வரும் விண்டோஸ் மலிவு, அதையே தனியாக வாங்கினால் விலை ஏன் எகிறுகிறது?

லட்சக்கணக்கில் உரிமம் வாங்கும் கணினி நிறுவனங்கள் பேரம் பேசலாம். நாம் பேச முடியாது. விற்றபின் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் அவர்கள் பொறுப்பே.

இன்னொன்றும் உண்டு. மலிவு உரிமம் வீட்டோடு மாப்பிள்ளை. அந்தக் கணினியை விட்டு நகராது. தனியாக வாங்கியதையோ புதுக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினி செத்தால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த என் சொற்குறிப்புகள் என்னோடு வரும். மலிவு விண்டோஸ் வராது.

உரிமம் எனக்கா, பெட்டிக்கா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.